சாமி மட்டும் குடித்த கோனா காபி

காஜா பெராங், மலாக்கா
12.11.1961

அன்புள்ள தம்பி கருணாகரனுக்கு,

அக்கா சந்திரமதியின் ஆசீர்வாதம். அப்பாவின் முழங்கால் வலி மழையைப் பொறுத்து, அத்தையின் கோபம் அப்பாவைப் பொறுத்து. மற்றபடி இவ்விடம் சுகம். உன் சுகத்தை நீயே ஹொனலுலுவிலிருந்து நான்கு பக்கம் எழுதிவிட்டபடியால் தனியாக விசாரிக்கவில்லை.

ஒருத்தி வறுத்த காபியைக் குடித்துவிட்டு, அவள் நம் குடும்பத்துக்குப் பொருந்துவாளா என்று சொல்ல முடியுமா? நீ கேட்டது இதைத்தான். எனக்குத் தெரியவில்லை. மதராஸ் பல்கலைக்கழகத்தில் எனக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவர்கள், இரண்டு சாட்சியாவது இல்லாமல் எதையும் நம்பாதே என்றார்கள். நாற்பத்தெட்டு வயது வரை அப்படியே இருந்துவிட்டேன். மண் ஆராய்ச்சி படிக்கப் போன நீயோ, கோனா மலையில் ஒரு காபித் தோட்டத்துக்கு மண் எடுக்கப் போய், தோட்டக்காரர் மகள் லூசிண்டாவிடம் மனத்தைக் கொடுத்துவிட்டு, இப்போது மூன்று சின்னப் பொட்டலங்களை அனுப்பி, "எதுவும் கலக்காதது அவள் வறுத்தது. வனிலா போட்டதும் மக்கடேமியா கொட்டை போட்டதும் அவள் சித்தி வறுத்தவை. யார் செய்தது என்று சொல்லாமல் அப்பாவைக் குடிக்க வை. அவள் காபி பிடித்தால் பேச்சை எடு. பிடிக்காவிட்டால் நான் இனி வாய் திறக்க மாட்டேன்" என்று எழுதுகிறாய். விஞ்ஞானம் படிப்பவன் எழுதுகிற கடிதமா இது? ஆனால் வாய் திறக்க மாட்டேன் என்றால் நீ திறக்கமாட்டாய். அது எனக்குத் தெரியும். அதனால்தான் பயந்துகொண்டே அடுப்பை மூட்டினேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் முதல் மழை. அரைக்கும் இயந்திரத்தை இரவல் கேட்கப் போனதில், நீ போனபின் பின்வீட்டுக்குக் குடிவந்த மீனாச்சியும் கூடவே வந்துவிட்டாள். மலாக்காச் செட்டிக் குடும்பம்; பெயர் தமிழ், பேச்சு மலாய். மூன்று கோப்பைகளின் அடியில் எண் எழுதி ஒட்டினேன், ஒன்று உன் லூசிண்டா, இரண்டு வனிலா, மூன்று மக்கடேமியா, பால் கூடாது, சர்க்கரை கூடாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது என்று ஒழுங்கெல்லாம் சொல்லி, டிகாஷனை ஊற்ற மட்டும் அத்தையிடம் விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். இந்த ஒரு பிழைக்கு யாரைக் குற்றம் சொல்வது?

அப்பா முதல் கோப்பையை ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இது காப்பி! நெஞ்சு வரைக்கும் போவுதும்மா. நம்ம கடைக்காரன் குடுக்கிறதும் ஒரு காப்பியா?" என்றார்.

எனக்கு அந்த நிமிஷமே நம் வாசலில் பந்தல் போட்டாயிற்று. இரண்டாவது கோப்பை வந்தது.

"யாரு இதுல சென்ட்டு கொட்டுனது?" என்றார் அப்பா.

மீனாச்சி முகர்ந்துவிட்டு, "இனி கோப்பி கா, குவே கா?" என்றாள். இது காபியா பலகாரமா என்று கேட்டவள், வாசனைக்குப் பாண்டான் இலை போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இரண்டு கோப்பை குடித்தாள். மூன்றாவது வந்ததும் அப்பா என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"கச்சாங் கடலை வறுத்த சட்டியக் கழுவாம வெச்சிட்டியாம்மா? பரவால்ல, வயசாச்சு ஒனக்கும்."

வனிலா வாசனை வீடெல்லாம் பரவி, எல்லோரையும் ஒரு மாதிரி மயக்கிவிட்டது. அப்பா சாய்வு நாற்காலியிலும், மீனாச்சி சுவரோரமாகவும் கண்ணயர்ந்தார்கள். நான் உனக்கு நல்ல செய்தி எழுதக் காகிதம் எடுக்க உள்ளே போனேன். சாமி மாடத்தில், விளக்கின் பக்கத்தில், ஒரு கோப்பை காபி ஆறிக்கொண்டிருந்தது.

"அத்தை, இது என்ன?"

"புதுசா ஒண்ணு வீட்டுக்கு வந்தா மொதல்ல சாமிக்குத்தான? இதுகூடத் தெரியாம என்னத்த மதராசுல படிச்சிட்டு வந்த?"

"அப்படியென்றால் அப்பா குடித்தது?"

"ஒண்ணாம் நம்பர் காலியா இருந்துச்சு. நம்ம கடைத் தூளப் போட்டு ஊத்துனேன். ஒனக்கு மூணுதான வேணும்? மூணு இருந்துச்சுல்ல?"

ஆக, அப்பா நெஞ்சு வரைக்கும் போகிறது என்று சொன்னது, இருபது வருஷமாகக் காலையும் மாலையும் அவர் திட்டிக்கொண்டே குடிக்கிற அதே கடைக் காபி, சீனியும் வெண்ணெயும் போட்டுக் கரியாக வறுத்தது. மறுபடி போடலாமென்றால், சாமிக்கு நீர்க்கப் படைக்கக் கூடாது என்று அத்தை முழுப் பொட்டலத்தையும் கொட்டியிருந்தார். கோனா மலையிலிருந்து வந்ததை முருகன் ஒருவர்தான் அறிவார்.

அத்தை அந்தப் பக்கம் போனதும் அதை எடுத்துக் குடித்தேன். ஆறியிருந்தது, திருநீறு கொஞ்சம் விழுந்திருந்தது. முதலில் கசப்பு, பிறகு கசப்பு எங்கோ விலகிப்போய், மழை நின்றபின் மண்ணில் ஏறுமே ஒரு குளிர்ச்சி, அதுபோல ஒன்று. நான் கண்டிராத ஒரு சரிவு தெரிந்தது, தம்பி. மேகம் முழங்கால் உயரத்தில் போகிறது. கூடையோடு ஒரு பெண் இறங்கி வருகிறாள். பின்னால் நீ, மண் பையைத் தூக்கிக்கொண்டு, உன் வழக்கப்படி வழுக்கி வழுக்கி. அவள் திரும்பிப் பார்த்துவிட்டு நிற்கிறாள். எவ்வளவு நேரம் மாடத்தின் முன் நின்றேனோ தெரியாது. அத்தை நான் பக்தியில் நிற்பதாக நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

ஆனால் இது சாட்சியாகாது. குடித்தது நான் ஒருத்தி. அதுவும் பரீட்சை கெட்ட பிறகு. அப்பாவை ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தில் ஒரு கல்யாணத்தைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. நீயும் தைப்பூசம் வரை பொறுத்திரு. மனம் தளராதே. வேளைக்குச் சாப்பிடு. முருகன் துணை, இந்த முறை காபி குடித்த தெம்போடு.

அன்புள்ள அக்கா,
சந்திரமதி

பின்குறிப்பு, திங்கட்கிழமை மாலை: மேலே உள்ளதை நம்பாதே.

இன்று காலை நான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அப்பா கேட்டார்: "அந்தப் பொண்ணு பேரு என்ன?"

"எந்தப் பெண்?"

"ஒரு கிளாஸ் தண்ணி எடுத்துக் குடிக்காத பய, கப்பல்ல காப்பி அனுப்பி எப்படி இருக்குன்னு கேக்குறான். பொண்ணு இல்லாமயா?"

"லூசிண்டா. போர்த்துகீசிய வம்சம்."

அப்பா காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "அதுக்கு ஏன்லா கடல் தாண்டிப் போனான்? பஸ் ஏறினா உஜோங் பாசிர், அங்க தெரு முழுக்கப் போர்த்துகீசியக்காரங்கதான!" என்றார்.

அந்தக் காபி அவள் வறுத்ததல்ல என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"இருபது வருஷமா குடிக்கிற காப்பி எனக்குத் தெரியாதா? நல்லாருக்குன்னு சொன்னாத்தான அவன் வாயத் தொறப்பான். ஒங்கம்மா போனப்புறம் எங்கிட்ட எவன் எதக் கேக்குறான்?"

பள்ளிக்கூடத்துக்கு முதல் முறையாகத் தாமதமாகப் போனேன்.

மாலை வந்தபோது அப்பா வீட்டில் இல்லை. கோட்டுப் போட்டுக்கொண்டு உஜோங் பாசிருக்கு, சுங்க அலுவலகத்தில் தன்னோடு வேலை பார்த்த டொமிங்கோவைப் பார்க்கப் போயிருக்கிறார் என்றார் அத்தை. ஏழு மணிக்குத் தொண்டை கட்டித் திரும்பினார். கல்யாணம் முதலில் கோயிலிலா, மாதா கோயிலிலா என்று இருவருக்கும் சண்டையாம், முடியவில்லையாம். நாளை அத்தையையும் கூட்டிக்கொண்டு போகிறார்.