வாசல் சுவரில் ஓர் இட்லி

ஒரு பொருளை மூடினால் இறுக்கி மூட வேண்டுமா, திறக்க வருகிற மாதிரி கொஞ்சம் விட்டு மூட வேண்டுமா? சிரிக்காதீர்கள். குழந்தை திறந்துவிடுமோ என்று பயந்து மருந்து பாட்டிலை இறுக்கி மூடிவிட்டு, அவசரத்துக்குத் திறக்க வராமல் பல்லால் கடித்தவள் நான். பையனுக்கு இப்போது ஏழு வயது. இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

இந்தக் கேள்வியே வராத ஒரு மனிதர் இருந்தார். செங்கல்பட்டிலிருந்து கடல் வரைக்கும் அவரைப் போல மூடத் தெரிந்தவர் பிறந்ததில்லை. மூடியதைத் திறக்க அவராலும் முடிந்ததில்லை.

தெருவில் அவரைக் 'கரண்டு இட்லி' என்பார்கள். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை.

புதுப்பட்டினத்தில், கடலுக்குப் பத்து நிமிட நடையில் எங்கள் வாடகை வீடு. என் கணவருக்குப் பக்கத்தில் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. காலையில் ஆபீஸ் பஸ்ஸில் ஏறினால் சாயங்காலம்தான் வருவார். நான் திருச்சிக்காரி. உப்புக்காற்று என்றால் என்னவென்று அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும், சேஃப்டி பின் துருப்பிடிக்கும், போன வாரம் வாங்கிய பூட்டு இந்த வாரம் திறக்காது. வயரும் வயரும் சேருகிற இடத்தில் உப்பு புகுந்து பச்சை பூத்துவிடும். நாலு தூறல் விழுந்தால் போதும், தெருவில் பாதி வீட்டில் டிவி போய்விடும். மீதிப் பாதியில் மோட்டார் போய்விடும்.

அதற்குத்தான் கரண்டு இட்லி. கடற்கரையில் ஃபைபர் படகு ரிப்பேர் பார்க்கும் கொட்டகையிலிருந்து ரெசின் என்கிற பிசினை வாங்கி, இட்லித் தட்டில் ஊற்றி, நடுவில் குழிவாக இரண்டு இட்லி அச்சு எடுப்பார். வயர் சேருகிற இடத்தை அந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துக் கட்டி, மேலே ஒரு ஓட்டை வழியாகப் புது ரெசினை ஊற்றுவார். பத்து நிமிடத்தில் எல்லாம் ஒரே கட்டியாக இறுகிவிடும். தேன் நிறத்தில், வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி இருக்கும். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஓர் இட்லி தொங்கியது. அவர் மனைவி நாலு வருஷமாக வெறும் தோசைதான் சுட்டார் என்று சொல்வார்கள்.

இதற்கு முன்னால் அவர் மறைமலைநகரில், காருக்கு வயர் கோக்கும் ஒரு கம்பெனியில் இருந்தார். அங்கே வயர் ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் புகாமல் ஒரு குட்டி ரப்பர் மாட்ட வேண்டுமாம். நாள் முழுக்க மாட்டிப் பெண்களின் விரல் நுனி எல்லாம் புண்ணாகிவிடும். இவர் சைக்கிள் கம்பியையும் ஒரு பலகையையும் வைத்து, ஒரே அழுத்தில் ஐந்து ரப்பர் ஏறுகிற மாதிரி ஒரு கருவி செய்தார். நோட்டீஸ் போர்டில் அவர் போட்டோவை ஒட்டினார்கள். அந்த உற்சாகத்தில், தூசி போகிறதே என்று, கேட்டில் இருந்த வருகைப் பதிவு மெஷினையும் மூடிவிட்டார். மறுநாள் காலை மூன்று கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கிய ஜனம் கார்டை நுழைக்க இடமில்லாமல் வாசலிலேயே நின்றது. போட்டோவை எடுத்துவிட்டார்கள். அவரையும்.

எங்களுக்கு அவர் அறிமுகமானது அழைப்பு மணியால். சுவிட்சுக்குள் தண்ணீர் இறங்கி மணி தானாக அடித்துக்கொண்டிருந்தது. என் பையன் அப்போது கைக்குழந்தை. ஒரு மணி நேரம் ஆட்டித் தூங்கவைத்தால் மணி அடிக்கும், எழுந்துவிடுவான். நான் கிட்டத்தட்ட அழுகிற குரலில், "அண்ணா, இந்த மணி இனிமே அடிக்கவே கூடாது" என்றேன். அவர் மூடிவிட்டுப் போனார். சாயங்காலம் என் கணவர் வந்து பட்டனைத் தேடினார். பட்டன் இட்லிக்குள் பத்திரமாகத் தெரிந்தது. தொட முடியவில்லை. மறுநாள் அவரைப் பிடித்து நியாயம் கேட்டார்.

"அடிக்கக் கூடாதுன்னு சொன்னது தங்கச்சிதான சார். இப்ப அடிக்குதா?"

"இல்ல."

"அப்றம் இன்னா சார்?"

கேஸ்காரர் அன்றிலிருந்து கதவைத் தட்டினார். பையன் தூங்கினான்.

ஆனால் என் கவலை மணி இல்லை. பையனுக்கு எட்டாம் மாதத்திலேயே இளைப்பு தொடங்கிவிட்டது. மழைக்காற்று பட்டால் நெஞ்சு விசிலடிக்கும், விலா உள்ளே போகும். செங்கல்பட்டு டாக்டர் சொல்லி, மருந்தை ஆவியாக்கி மூக்கில் விடும் நெபுலைசர் வாங்கி வைத்திருந்தோம். அது கரண்டில் ஓடுவது. எங்கள் வீட்டுக் கரண்டோ, கம்பத்திலிருந்து வரும் வயர் வாசல் சுவரில் வீட்டு வயரோடு சேரும் இடத்தில், மழை விழுந்ததும் படபடவென்று பொரிந்து நின்றுவிடும். அதாவது எந்த மழையில் அவனுக்கு மூச்சு முட்டுமோ அதே மழையில் மெஷின் ஓடாது. வானம் கறுத்தால் ஓடிப்போய் விளக்கைப் போட்டுப் பார்ப்பேன்.

அவரிடம் சொன்னேன். அண்ணாந்து பார்த்தார். "இட்லி மட்டும் போட்டா பத்தாதும்மா. வயரைப் புடிச்சிகினே தண்ணி உள்ள போய்டும். மொதல்ல ரப்பர் வேணும். கம்பெனில இருந்துச்சே, அந்த மாதிரி" என்றார். சைக்கிள் வால்டியூபை மாட்டிப் பார்த்தார், வெயிலில் வெடித்தது. பலூனை மாட்டினார், காக்கை கொத்தியது. சொட்டு மருந்து ரப்பரை மாட்டினார், பிடி போதவில்லை. பத்து நாள் எங்கள் வாசலில் ஏணி நின்றது.

நான் கேட்காத கேள்வி இல்லை. ஷாக் அடிக்காதா? தீப்பிடிக்காதா? கெட்டுப்போனால் திறந்து பார்க்க முடியுமா? கடைசிக் கேள்விக்கு மட்டும் கோபம் வந்துவிட்டது.

"தொறக்க முடிஞ்சா அது மூடியே இல்லம்மா. அது கதவு."

ரெசின் நெடி குழந்தைக்கு ஆகாது, வீட்டுக்குப் பக்கத்தில் கலக்கவே கூடாது என்று நான் போட்ட நிபந்தனைதான் அவரைப் படுத்திவிட்டது. இறுகவைக்கும் மருந்தைக் கலந்த பிறகு ரெசின் பத்து நிமிடம்தான் தாங்கும். படகுக் கொட்டகையில் கலந்து, சொம்பில் எடுத்துக்கொண்டு, சைக்கிளில் வந்து, ஏணி ஏறி ஊற்ற வேண்டும். முதல் நாள் வந்து சேர்ந்தபோது சொம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒன்றும் விழவில்லை. உள்ளே கரண்டி நட்டுக்கொண்டு நின்றது.

"வழியில யார்கிட்டயாவது பேசினீங்களாண்ணா?"

"யார்கிட்டயும் பேசலம்மா. டீக்கடைல ரெண்டு பேரு. அப்றம் நம்ம லைன்மேன்."

இரண்டாம் நாளும் அதே கதை, வேறு சொம்பு. மூன்றாம் நாள், லைன்மேன் கம்பத்தில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எங்கள் வாசலில் காத்திருக்க, இவர் கன்னம் இரண்டும் உப்பிப்போய் சைக்கிளில் வந்தார். பல்வலியா அண்ணா, யாராவது அடித்துவிட்டார்களா, டாக்டரைப் பார்த்தீர்களா என்று வரிசையாகக் கேட்டேன். அவர் கையை மட்டும் பலமாக ஆட்டிவிட்டு ஏணியில் ஏறினார். ஊற்றி முடித்து இறங்கிய பிறகுதான் வேலியோரம் போய் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினார். வழியில் பேச்சு வராமலிருக்க, கடற்கரையிலேயே ஒரு வாய் தண்ணீரை ரொப்பிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் பால்புட்டி ரப்பர்களை வெந்நீரில் போட்டு எண்ணினேன். எப்போதும் எண்ணுவேன். ஆறு இருக்க வேண்டும். ஐந்து இருந்தது.

பாத்திரத்தைக் கவிழ்த்தேன், கட்டிலை நகர்த்தினேன், குப்பையைக் கொட்டிக் கிளறினேன். மத்தியானம் குழந்தை ஒரு ரப்பரைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. கீழே இரண்டு பல் அப்போதுதான் முளைத்திருந்தது, கண்டதையும் கடிப்பான். விழுங்கிவிட்டான். எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்குச் சந்தேகமே வராத ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

கணவர் வந்ததும் வராததுமாக செங்கல்பட்டு பஸ் ஏறினோம். திருக்கழுக்குன்றம் வந்தபோது ஜன்னல் வழியாக மலைக்கோயிலைப் பார்த்து, ரப்பர் நல்லபடியாக வெளியே வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி நான் மன்றாடியதும், "ரப்பர் எக்ஸ்ரேல தெரியாதும்மா. ரெண்டு நாள் பாருங்க, வந்துடும்" என்றார். இரண்டு நாள் பார்த்தேன். எங்கே, எப்படிப் பார்த்தேன் என்பது தாய்மார்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு வேண்டாம்.

மூன்றாம் நாள் மத்தியானம் கடல் பக்கம் கறுத்தது. இரண்டு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. காற்று ஊளையிட்டது, மழை சாய்வாக அடித்தது. குழந்தைக்கு விசில் ஆரம்பித்தது. ரப்பர்தான் தொண்டையில் ஏறிவிட்டதோ என்று வாயைத் திறந்து பார்த்தேன். எதிர்வீட்டில் விளக்கு அணைந்தது. பக்கத்து வீட்டில் அணைந்தது. வாசலுக்கு வாசல் வயர் சேருகிற இடம் பொரிந்து, வீடு வீடாகத் தெரு முழுக்க அணைந்தது. குழந்தையின் விலா உள்ளே போய்ப் போய் வந்தது. நான் நெபுலைசர் சுவிட்சின் மேல் விரலை வைத்தபடி, போட்டால் எங்கள் விளக்கும் போய்விடுமோ என்று நின்றேன்.

பிறகு போட்டேன். ஓடியது.

குழந்தையை மடியில் போட்டு, முகமூடியை மூக்கில் பிடித்துக்கொண்டு, அந்த மெஷினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மருந்து தீர்ந்தபோது விசில் அடங்கியிருந்தது. தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தேன். தெருவில் எங்கள் வாசல் விளக்கு மட்டும் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் சுவரில் இட்லி தேன் மாதிரி மின்னியது. அதற்குள்ளே, வயர் நுழைகிற இடத்தில், வயரைக் கச்சிதமாகக் கவ்விக்கொண்டு, ஆறாவது ரப்பர்.

யூரியா சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு அவரே அப்போது கேட்டைத் திறந்து வந்தார், இட்லி தாங்குகிறதா என்று பார்க்க. அந்த மழையில், அந்தக் காற்றில்.

"மெசினு ஓடுச்சாம்மா?"

"அண்ணா, அது என் குழந்தையோட ரப்பர்."

"ஆமாம்மா. கொயந்ததான் குட்த்துச்சு. அன்னிக்கு நான் ரெசின் எடுக்கப் போறதுக்கு மின்ன, நீ உள்ள பால் காய்ச்சிகினு இருந்த. ஜன்னலாண்ட நின்னு கைய நீட்னேன், குட்த்துட்டான். இன்னா மாதிரி ரப்பர் தெரியுமா? மறைமலைநகர்ல கூட அந்த மாதிரி கெடையாது."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

அவர் சாக்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். "உன்கிட்ட கேட்டா நீ நூறு கேள்வி கேப்பம்மா. ரெசின் இறுகிடும்."

திட்டினேன். செங்கல்பட்டு போனது, குப்பையைக் கிளறியது, இரண்டு நாள் நான் பட்டது எல்லாவற்றையும் சொல்லித் திட்டினேன். நடுவில் அழுதும்விட்டேன் போல. அவர் நனைந்துகொண்டே கேட்டார். முடித்ததும், "இப்ப மூச்சு எப்டி கீது?" என்றார். குழந்தையின் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, தலையாட்டிவிட்டுப் போனார். உள்ளே வாருங்கள், ஒரு வாய் காபி குடியுங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை எனக்கு. அதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் மெடிக்கலில் ஒரு டஜன் புது ரப்பர் வாங்கிவந்து கொடுத்தார். ஈரம் படக்கூடாது என்று அதையும் இட்லிக்குள் வைத்து மூடியிருந்தார். இன்றுவரை எங்களால் திறக்க முடியவில்லை. விழுங்காத ரப்பருக்கு வேண்டுதல் செல்லுமா செல்லாதா என்று ஒரு மாதம் குழம்பிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மலையும் ஏறி வந்தேன்.

அதன் பிறகு எத்தனையோ மழை. எங்கள் வீட்டில் ஒரு முறைகூட மெஷின் நிற்கவில்லை. பையனுக்கு ஐந்து வயதோடு இளைப்பும் விட்டது. கரண்டு இட்லி குடும்பத்தோடு கடப்பாக்கம் பக்கம் போய்விட்டார், படகு எஞ்சினுக்கு வயர் போடுகிறார் என்று லைன்மேன் சொன்னார். போன் நம்பர் யாரிடமும் இல்லை.

இப்போது வீட்டுக்காரர் வயரிங் முழுவதையும் மாற்றுகிறார். வந்த எலக்ட்ரீஷியன் ஏணியில் ஏறிப் பார்த்து, கட்டிங் பிளேயர் போட்டு நசுக்கி, பிளேயரின் வாய் மழுங்கியதும் கோபமாக இறங்கினார். வெள்ளிக்கிழமை ரம்பத்தோடு வருகிறாராம், அறுத்துக் குப்பையில் போடுவாராம். அவர் போன பிறகு நானும் ஏணியில் ஏறினேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. பக்கத்தில் பார்த்தால் ரப்பரின் ஓரத்தில் சின்னதாக இரண்டு தடம் தெரிகிறது. என் பையனின் முதல் இரண்டு பல்.

வெள்ளிக்கிழமைக்குள் யாராவது சொல்லுங்கள். அதை உடைக்காமல் சுவரிலிருந்து எடுக்க வழி உண்டா? இல்லை, புது வயரை வேறு பக்கமாகக் கொண்டுபோங்கள், அது அங்கேயே இருக்கட்டும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டால் என்னைப் பைத்தியம் என்று நினைப்பாரா? கடப்பாக்கம் பக்கத்து வாசகர்கள் அங்கே ஏதாவது படகில் தேன் நிறத்து இட்லியைப் பார்த்தால், வாயில் தண்ணீர் இல்லாத நேரமாகப் பார்த்து அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: மூச்சு நன்றாக இருக்கிறது, காபி போட்டு வைத்திருக்கிறேன், ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.