திரையில் ஒரு பெங்குவின்

பாலைச் சூடாக்கினான். குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு கம்ப்யூட்டரைப் போட்டான். அதில் வேலை எதுவும் இல்லை. காலையில் முதலில் எழுகிறவர் அதைப் போட வேண்டும் என்பது மனைவி இருந்த நாளிலிருந்து வழக்கம். அது கண் விழிக்க அவ்வளவு நேரம் பிடிக்கும்.

திரையில் நீலக் கடல் வந்தது. கரையில் பெங்குவின் வந்தது. அந்த நீல வெளிச்சத்தில் அறையே மெல்ல நீருக்குள் இறங்கியது. எல்லாம் தயார் என்று கடைசியில் வரும் 'டிங்' சத்தம் மட்டும் வரவில்லை.

பெங்குவினைச் சின்னமாகக் கொண்ட அந்த லினக்ஸ் மென்பொருள் அவளுடையது. கம்ப்யூட்டருக்குக் கிழடு தட்டியபோது அவள் தம்பி விண்டோஸை எடுத்துவிட்டுப் போட்டுக்கொடுத்தது. பெங்குவினைப் பார்த்து அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து இவன், "பிரமாதம், இதுவே இருக்கட்டும்" என்றான்.

அன்றோடு பிரிண்டர் நின்றது. இவன் வாயைத் திறக்கவில்லை. தெருமுனைக் கடையில் பிரிண்ட் எடுத்து வந்தான். அவள் கட்டளை அடிக்கும் கறுப்புக் கட்டத்தில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஏதோ முணுமுணுப்பாள். தூரத்திலிருந்து கேட்க மந்திரம் போலிருக்கும்.

அவள் விட்டுப்போனதில் இன்னும் அசைந்துகொண்டிருப்பது இது ஒன்றுதான். 'டிங்' இல்லாமல் விட முடியாது.

போனில் தேடினான். யாரோ புண்ணியவான் ஒரு கட்டளை வரி கொடுத்திருந்தான். அடித்தான். மவுஸ் அம்பு மறைந்தது. அம்பை மீட்க இன்னொரு வரி. கடல் வற்றியது. கடலுக்காக மூன்றாவது வரி. பெங்குவினும் கிளம்பிவிட்டது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மழையாக இறங்கி, பாஸ்வேர்டு கேட்டு நின்றன.

அதைப் போட்டுக்கொடுத்த மச்சினனைப் போனில் கூப்பிட்டான். அவள் உயிர் போன நேரத்தில் பக்கத்தில் இருந்தவன் அவன்தான். இவன் மருந்து வாங்கப் போயிருந்தான். கடைசியாக என்ன சொன்னாள் என்று இவன் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

"மச்சான், கீபோர்டு செத்துப்போச்சு. பாஸ்வேர்டு அடிச்சா ஒண்ணுமே விழல."

"விழாது மாமா. கண்ணுக்குத் தெரியாது. ஆனா உள்ள போய்க்கிட்டேதான் இருக்கும்."

"ஐயையோ."

"எத்தனை தரம் அடிச்சீங்க?"

"நான் இன்னும் நிறுத்தவே இல்லையே."

மச்சினன் பெருமூச்சு விட்டான். "விடுங்க. சாயங்காலம் வந்து மொத்தமா துடைச்சிட்டு விண்டோஸ் போட்டுடறேன்."

"தொடாதே! உங்க அக்காவுக்கு அது உயிர்டா. அவ வச்ச மாதிரியே இருக்கணும். எனக்கு அதுல ஒரு மண்ணும் புரியாது, அது வேற விஷயம்."

"உங்களுக்கா? புரியாதா?"

"போட்ட அன்னைலேர்ந்து புரியல."

கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் இமைத்துக்கொண்டிருந்தது.

"மாமா... ஆஸ்பத்திரியில நானே அக்காகிட்ட கேட்டேன், பழையபடி மாத்திக் குடுத்திடவான்னு. அதுக்கு பதில் சொன்னா. அப்புறம் பேசல."

"என்ன சொன்னா?"

"'வேணாம்டா. எனக்கு அந்த எழவு ஒண்ணும் புரியல. ஆனா அவருக்கு அந்தப் பெங்குவின்னா உயிரு. இருந்துட்டுப் போகட்டும்.'"