மூன்று இடது சேர்ந்தால் ஒரு வலது

ஒரு குடும்பத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தக் குடும்பத்தாரைக் கேட்கவே கூடாது. என் அக்கா மகன் கார்த்திக்கின் கல்யாணத்துக்கு முந்தின மாலை, ஜானவாச ஊர்வலத்தில், நான் மாப்பிள்ளையைக் கோயிலுக்கு எதிர்ச்சுற்றாக, அப்பிரதட்சிணமாகச் சுற்றவைத்தேன் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அப்பட்டமான பொய். மாதத்தைக்கூட மாற்றிவிட்டார்கள். நடந்தது ஆவணியில், அத்திம்பேர், அதாவது கார்த்திக்கின் அப்பா, ஐப்பசி என்று சாதிக்கிறார். (ஐப்பசி மழையில் யாராவது தெருவைத் தோண்டுவார்களா? சென்னையில் தோண்டுவார்கள். அது வேறு விஷயம்.)

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய அம்பாசடர் முன்பக்கம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. ஸ்டியரிங்கைக் கால் சுற்று சுற்றியபிறகுதான் சக்கரத்துக்கே செய்தி போகும். அதைப் பழைய இரும்புக்குப் போட வேண்டும் என்பது என் மனைவி உஷாவின் கட்சி. நானே பழுது பார்க்கிறேன், கார்த்திக்கின் ஜானவாசத்துக்கு இதுதான் கார் என்றேன்.

“சரி,” என்றாள் உஷா. “கொழந்தையை நல்லபடியா மண்டபத்துல கொண்டு இறக்கினா வண்டி இருக்கட்டும். இல்லேன்னா மறுநாளே இரும்புக் கடைக்காரன் வருவான். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கப்படாது.”

அதன்பின் நான் உழைத்த உழைப்பை யாரும் சொல்வதில்லை. கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்தேன். முன் சஸ்பென்ஷனை முழுதாகக் கழற்றி, தேய்ந்த ரப்பர் புஷ்களையும் பால் ஜாயின்ட்டுகளையும் மாற்றினேன். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றிய தேதி எழுதிய தனிப் பொட்டலத்தில் மடித்து வைத்தேன். (அதில் ஒன்றைப் பெருங்காயம் என்று உஷா பிரித்தது என் குற்றமல்ல.) சாய்வு போயிற்று. வண்டி நிமிர்ந்து நின்றது.

அடுத்தது ஸ்டியரிங். நாம் திருப்புவதைச் சக்கரங்களுக்கு எடுத்துப்போவது ராக் என்னும் பல் வைத்த தண்டு. சக்கரங்கள் நேராக நிற்கும்போது அது நட்ட நடுவில் இருக்க வேண்டும். அப்போதுதான் வண்டி இரண்டு பக்கமும் ஒரே அளவு திரும்பும். நான் பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம்வரை நூல் பிடித்து நேர் பார்த்தேன். சக்கரங்கள் நேர். ஸ்டியரிங் வளையம் நேர். என் கண்ணில் படாமல் உள்ளே இருந்த தண்டு மட்டும் புகுந்த வீட்டில் கோபித்துக்கொண்ட மருமகளைப் போல் ஓரமாக ஒதுங்கியிருந்தது. விளைவு, வண்டி இடது பக்கம் தாராளமாகத் திரும்பும். வலது பக்கம் கடமைக்குத் தலையசைக்கும்.

ஓட்டிப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். தினமும் பார்த்தேன். மெட்ரோ வேலைக்குத் தகரம் அடைத்த மயிலாப்பூரில் வலது பக்கம் திரும்ப எங்கே விட்டார்கள்? இடது, இடது, இடது, இடது, வீடு. அன்று திருவான்மியூர் மண்டபத்துக்குப் போன வழியிலும் வலது திருப்பங்களெல்லாம் அகன்ற சிக்னல்கள். அரைவட்டம் போட்டு வளைந்துவிட்டேன்.

ஜானவாசம் மண்டபத் தெருவில் தொடங்கியது. கோட்டு சூட்டும் மாலையுமாகக் கார்த்திக் பின்சீட்டில். முன்னால் நாதஸ்வரம், இருபுறமும் விளக்குக்காரர்கள், பின்னால் ஜெனரேட்டர் வண்டியும் பெண்களும். இடது பக்கம் திரும்பி மாட வீதிக்குள் கம்பீரமாக நுழைந்தேன். வீதி முனையில் வலது பக்கம் திரும்பினால்தான் கோயிலைப் பிரதட்சிணமாகச் சுற்ற முடியும். திருப்பினேன். வண்டி நேரே எதிர் வரிசை ஸ்கூட்டர்களை நோக்கிப் போனது.

“இன்னா சார், ரைட்டுல ஒடி. சாமி அந்தாண்ட கீது,” என்றார் விளக்குக்காரர்.

“ஒடிச்சிருக்கேன்பா.”

“இதான் ஒடிச்சதா?”

பின்னால் எடுக்க ஜெனரேட்டர் இடம் விடவில்லை. அத்திம்பேர் ஜன்னலில் தலையை நீட்டினார். “ஏண்டா ரகு, ஸ்டியரிங் ஸ்டியரிங்னு ஊரெல்லாம் பேசிண்டு திரிஞ்சியே, அதுல பாதியைத்தான் பண்ணினியா?”

அவமானத்தில்தான் அறிவு வேலை செய்யும். வலது பக்கம் ஒரு முறை திரும்புவதும், நேரே போய் இடது பக்கம் மூன்று முறை திரும்புவதும் ஒன்றே. கணக்கு தெரிந்த யாரும் இதை மறுக்க முடியாது. நேரே விட்டேன். முதல் இடது. நாதஸ்வரக்காரர்கள் திகைத்து, ஓடிவந்து மறுபடி முன்னால் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாவது இடது.

அப்போதுதான் பெண்ணின் பெரியப்பா வண்டியை மறித்தார். “மாப்பிள்ளையை அப்பிரதட்சிணமா அழைச்சுண்டு போறேளே, இது எந்த ஊர் சம்பிரதாயம்?”

நாங்கள் சுற்றியது கோயிலையல்ல. ஒரு ரேஷன் கடை, ஒரு இஸ்திரி வண்டி, ஒரு பல் டாக்டர். பல் டாக்டரை அப்பிரதட்சிணம் செய்தால் தோஷம் என்று எந்த சாஸ்திரத்திலும் இல்லை. பிற்பாடு தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது இடதில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம். அதன் முன்னால் ஒரு பலகை: ‘மாற்றுப்பாதை’. அம்புக்குறி வலது பக்கம் காட்டியது.

நாதஸ்வரம் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“மாமா, நான் இறங்கிடட்டுமா?” என்றான் கார்த்திக். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. மண்டபத்தின் பின்வாசல் அந்தச் சந்தில்தான் இருந்தது. மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். அது நேரே சமையலறை.

“பந்தி இன்னும் போடலை. வந்ததுதான் வந்தேள், இதைக் கொஞ்சம் பிடிங்கோ,” என்று, யாரோ பசித்து வந்த விருந்தாளியாக்கும் என்று எண்ணிய தலைமைச் சமையற்காரர் அவன் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்தார். முன்வாசலில் பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளை அவர்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து சாம்பாரோடு வந்து சேர்ந்தான்.

மறுநாள் முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. தாலி ஏறிய கையோடு உஷா இரும்புக் கடைக்காரருக்கு போன் செய்யப் போனாள். தடுத்தது கல்யாணப் பெண் வித்யா.

“வேண்டாம் மாமி. நேத்து சாயங்காலம் வரைக்கும் இவர்கிட்ட பேசவே பயமா இருந்தது. ஏதோ பெரிய உத்தியோகம், பெரிய ஆளுன்னு நெனச்சுண்டிருந்தேன். வாளியும் கையுமா முழிச்சுண்டு நின்னதைப் பார்த்தேனா, சிரிச்சு சிரிச்சு பயமெல்லாம் போயிடுத்து. அந்தக் காரைக் கொடுத்துடாதீங்கோ.”

உஷா போனைக் கீழே வைத்தாள். கார் பிழைத்தது. நான் மாற்றிய புஷ்களுக்காக அல்ல, நூல் பிடித்த நேர்த்திக்காக அல்ல, சாம்பார் வாளிக்காக. மன்னிப்பைக்கூட இப்படியா கொடுப்பார்கள்?

அடுத்த மாதமே தண்டை நடுவுக்குக் கொண்டுவந்து மாட்டினேன். இப்போது வண்டி வலது பக்கமும் முழுதாகத் திரும்புகிறது. அத்திம்பேரை ஏற்றிக்கொண்டு வலது வலதாகவே நந்தனம்வரை போய்க் காட்டினேன். இறங்கும்போது அவர் தலை சுற்றுகிறது என்றாரே தவிர, வேறு எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை.

போன வாரம் பெண்ணின் பெரியப்பா தன் பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்க வந்தார். காபி குடித்துவிட்டு, வாசலில் நின்ற காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மிகுந்த கரிசனத்தோடு சொன்னார்: “மண்டபம் அடையாறுலதான். விசாரிச்சுட்டேன். உங்காத்துலேர்ந்து கிளம்பினா எல்லாமே லெஃப்ட்தான். அவசியம் வந்துடணும்.”