சிக்கு நைனா நேராக்கிய கேபிள்

புடவைக் கரையைக் கம்ப்யூட்டரில் வரைந்தால் என்ன என்ற யோசனை, சென்னையிலிருந்து திருத்தணிக்கு வரும் ரயிலில், அரக்கோணம் தாண்டியதும், முன்னால் நின்ற ஓர் அம்மாளின் முந்தானை என் மூக்கில் உரசிய நொடியில் உதித்தது. கரையில் கட்டம் கட்டமாகக் கோபுரம். கம்ப்யூட்டர் திரையிலும் கட்டம் கட்டமாகப் புள்ளி. அவ்வளவுதானே! ஸ்டேஷன் வருவதற்குள் மனசுக்குள் பாதிப் புடவையை வரைந்துவிட்டேன். அந்த அம்மாள் என்னை முறைத்துவிட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அந்த யோசனையை ஏறக்குறையக் கொன்றவர் சிக்கு நைனா. பூமியில் எது முறுக்கிக்கொண்டிருந்தாலும் அதை நேராக்காமல் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது. கடையில் முறுக்கு வாங்கினால்கூடச் சுற்றைத் துண்டு துண்டாக ஒடித்து, தட்டில் ஒரே கோடாக அடுக்கிய பிறகுதான் வாயில் போடுவார்.

நிஜப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அம்மையார்குப்பத்துக்காரர். தறியில் ஒரு பாவு தீர்ந்து போனால், அதன் நீள நூல்களோடு புதுப் பாவின் நூல்களை இழை இழையாக முடிந்து சேர்க்கும் வேலை. நாளெல்லாம் நூலில் சிக்கு எடுத்தவருக்கு, வேலை முடிந்த பிறகும் கை சும்மா இருக்காது. மருந்துக்கடை போனின் சுருள் வயரை ஒருநாள் உட்கார்ந்து இழுத்து இழுத்து நீட்டிவிட்டார். அன்றிலிருந்து கடைக்காரர் எதிர்ச்சாரி டீக்கடையில் உட்கார்ந்தபடியே ரிசீவரில் ஆர்டர் எடுத்தார்.

திருப்பதி பஸ்ஸுக்கு வளைந்து நெளிந்து நின்ற கூட்டத்தைத் தோளைப் பிடித்து நகர்த்தி நேராக்கினார். பஸ் மறுமுனையில் வந்து நின்றது. கடைசி ஆள் முதலில் ஏறினான். விடியற்காலையிலிருந்து முதல் ஆளாக நின்றவர், மொட்டைத் தலையில் சந்தனம் வழிய, "யாருய்யா நீ?" என்று பாய்ந்தார்.

நைனா அசரவில்லை. "வரிசை நேரா கீதா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

இப்படிப்பட்டவரின் பக்கத்து வீட்டில்தான் நான் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தேன்.

சென்னையில் ஓர் ஆபீஸ் கழித்துப்போட்ட பெட்டி அது. தட்டையான பிளாப்பி டிஸ்க்கைச் செருக இரண்டு டிரைவ்கள்: ஏ, பி. ஏ டிரைவில் டிஸ்க்கைப் போட்டால்தான் பெட்டிக்கு உயிரே வரும். அப்பா மனசில்லாமல்தான் வாங்கிக் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை.

"வெள்ளிக்கிழம காலைல நெசவாளர் சங்கத்துக்காரங்க உன் கம்ப்யூட்டர் கரையப் பாக்க வர்றாங்க. பாத்துட்டு சரின்னா நீ இங்கியே இரு. இல்லன்னா சூரத்துக்குக் கெளம்பு. உன் பாவா மில்லுல ஆள் கேட்டுகினே கீறாரு."

பாவா என் அக்கா வீட்டுக்காரர். நல்ல மனிதர். ஆனால் சூரத்தில் கணக்குப்பிள்ளையாக உட்கார்ந்து மூட்டை எண்ணுவதை நினைத்தாலே எனக்குக் கொட்டாவி வரும். அந்த வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரில் கரை வரைந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, குளித்து, விபூதி பூசி, ஸ்விட்சைப் போட்டேன். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே இரண்டு டிரைவின் சிவப்பு விளக்கும் ஒன்றாக எரிந்தன. எரிந்தவை அணையவில்லை. டிஸ்க்கை உள்ளே விடாமல் பெட்டியை அணைத்தேன். விளக்கு அணையாமல் எரிந்தால் கேபிள் தலைகீழாக மாட்டியிருக்கிறது என்று அர்த்தம்; அந்த நிலையில் டிஸ்க்கைப் போட்டால் அதில் இருப்பது அழிந்தாலும் அழியும். என்னிடம் இருந்ததோ ஒரே டிஸ்க்; வரைந்த கரை மொத்தமும் அதில்தான்.

காற்று வாங்கட்டும் என்று மூடியைக் கழற்றியே வைத்திருப்பது என் வழக்கம். எட்டிப் பார்த்தேன். நாடா மாதிரிப் பட்டையான அந்தக் கேபிளின் சிவப்பு ஓரம் உள்பக்கம் இருக்க வேண்டும். வெளிப்பக்கம் இருந்தது.

"அம்மா! இத யாரு தொட்டது?"

"நைனாதான் நேத்து சாயங்காலம் நீ கடைக்குப் போனப்ப வந்து பாத்துகினு இருந்தாரு," என்றாள் அம்மா சமையலறையிலிருந்து. "பாவம், எம்மாம் பொறுமையா செஞ்சாரு தெரியுமா? நான்தான் காபி போட்டுக் குடுத்தேன். கத்தியும் குடுத்தேன்."

கத்தியா! நான் ஓடிப்போய் அழைப்பதற்குள் நைனாவே வந்து நின்றார், முகமெல்லாம் பெருமை.

"கரை உள்ளார மறைஞ்சிகினு இருந்திச்சி கண்ணா. எந்த ஊர்லடா புடவைக்குக் கரைய உள்ளார வெப்பாங்க? வெளிய தெரியிற மாரி திருப்பி உட்டேன்."

"நைனா, இது புடவ இல்ல!"

"இழை இழையா கீது, ஓரத்துல செவப்புக் கரை கீது. புடவ இல்லாம இன்னா?"

திருப்பி மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டேன். ஏ டிரைவ் வாயே திறக்கவில்லை. ஸ்விட்ச் போட்டதும் பெட்டி தானாகவே டிரைவ்களைக் கூப்பிட்டுப் பார்க்கும்; அது பி-யைக் கூப்பிட்டபோது இரண்டு டிரைவும் "நான், நான்" என்று சேர்ந்து விளக்கைக் காட்டின. மறுபடி கேபிளைப் பார்த்தேன். கடைசி இணைப்புக்கு முன்னால் நடுவே சில கம்பிகள் மட்டும் ஒரு முறுக்கு முறுக்கியிருக்க வேண்டும். அந்த முறுக்கைக் காணோம். கேபிள் சலவை வேட்டி மாதிரி கிடந்தது.

"அதுவா?" என்றார் நைனா. "பாவு முறுக்கிகினு இருந்தா துணி எப்படிறா வரும்? கோடியில கம்பியக் கடிச்சிகினு இருந்த பல்ல கத்தியால நெம்பி, நீட்டி உட்டு, திரும்ப அமுக்கிட்டேன். சுத்தமா வந்துட்சி பாரு."

தலையில் அடித்துக்கொண்டு விளக்கினேன். கம்பெனியில் இரண்டு டிரைவுக்கும் ஒரே பெயர் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். அந்த முறுக்குதான் ஒருவனை அண்ணனாகவும் ஒருவனைத் தம்பியாகவும் ஆக்குகிறது. முறுக்கு போனால் வீட்டில் அண்ணனே கிடையாது.

வாசலில் குரல் கேட்டது. சங்கத் தலைவரும் இன்னொருவரும் வந்துவிட்டார்கள். அப்பா அவர்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு உள்ளே வந்து பல்லைக் கடித்தார்.

"ஆச்சா?"

"அஞ்சு நிமிஷம்பா."

"ரயில்ல சீட்டு சொல்லி வெச்சிருக்கேன். ஞாபகம் கீதா?"

முறுக்கைத் தொடாமல் தப்ப முடியுமா என்று பார்த்தேன். டிரைவின் முதுகில் குட்டிக் குட்டி ஊசிகள் உண்டு. அவற்றில் எதன்மேல் ஜம்பர் என்ற சின்னக் கறுப்புத் தொப்பியைச் செருகுகிறோமோ, அதைப் பொறுத்து டிரைவ் பெயர் மாறும். தொப்பியைப் பிடுங்கி இடம் மாற்றினேன். டிஸ்க்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டதும் ஏ டிரைவில் விளக்கு எரிந்தது!

"பாத்தியா, எரியுது!" என்று கை தட்டினார் நைனா.

எரிந்தது. ஆனால் டிஸ்க் சுற்றவில்லை. விளக்குக்குக் கட்டளை போகும் கம்பி வேறு, சக்கரத்தைச் சுழற்றும் கம்பி வேறு. ஜம்பர் முதலாவதைத்தான் மாற்றும். பெட்டியை அணைத்து, தொப்பியைப் பழைய இடத்திலேயே செருகிவிட்டுக் கத்தியை எடுத்தேன். முதல் நெம்பலிலேயே கத்தி வழுக்கி, கேபிளுக்கு வெகுதூரத்தில் மேஜையைக் கீறியது.

"நைனா, நீங்கதான் பிரிச்சீங்க. நீங்களே முறுக்கி உடுங்க."

அவர் முகம் செத்துப்போனது. "என் கையால சிக்கு போடறதா? மாட்டேன்டா. வேற எது வேணா கேளு."

"நைனா, இது ஓடலன்னா நான் சூரத்துக்குப் போய்டுவேன்."

நைனா கத்தியைப் பார்த்தார். வாசல் பக்கம் பார்த்தார். அப்பாவின் முதுகைப் பார்த்தார். பிறகு மலை இருக்கும் திசைக்குத் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "முருகா, இந்த ஒரு தபா மன்னிச்சிக்கோ," என்று கத்தியை வாங்கினார்.

எந்தக் கம்பிகள் என்று தேட வேண்டியிருக்கவில்லை. பழைய பிளவின் தடம் அப்படியே இருந்தது. ஏழு கம்பிகள். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பாகற்காய் தின்றவர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு, அந்த ஏழையும் ஒரு புரட்டுப் புரட்டினார். நான் இணைப்பை வைத்து அமுக்கினேன். அம்மா அம்மிக் குழவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் வைத்து அமுக்கினோம்.

ஸ்விட்சைப் போட்டபோது நான் திரையைப் பார்க்கவில்லை. நைனாவும் பார்க்கவில்லை. கர்ர், டக் டக் என்று சத்தம் மட்டும் கேட்டது. உலகத்தில் அவ்வளவு அழகான இரைச்சலை நான் கேட்டதில்லை.

சங்கத் தலைவர் திரைக்கு முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கோபுரம் கோபுரமாகக் கரை வந்தது. கடைசியில் கேட்டார்: "எல்லாமே பச்சையா கீதே தம்பி, செவப்புல வராதா?"

"இந்தத் திரையில வராதுங்க. பேப்பர்ல கட்டத்தோட எடுத்துக் குடுத்தா நீங்களே கலர் போட்டுக்கலாம்."

"அப்ப ஒரு முழு முந்தானை பேப்பர்ல எடுத்துக் காட்டு. அப்புறம் பேசலாம்."

சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அப்பா ரயில் சீட்டை ரத்து செய்யவில்லை. தள்ளி மட்டும் வைத்தார். நைனா இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. முறுக்கினது முறுக்கினபடி உள்ளே கிடக்கிறதே என்று தூக்கம் வரவில்லையாம். அவர் வீட்டு அம்மாள் சொன்னாள்.

திங்கட்கிழமை சென்னையிலிருந்து ஒரு பழைய பிரிண்டர் வருகிறது. அதற்கும் ஒரு கேபிள் உண்டாம், இதைவிடத் தடிமனாக. மாட்டி, முந்தானையை அச்சடித்துப் பார்க்கப் போகிறேன். காலையிலேயே போய் நைனாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட வேண்டும். அவர் பக்கத்தில் இல்லாமல் ஸ்விட்சைப் போட எனக்குப் பயமாக இருக்கிறது.