பத்திருபதும் பகல் மின்மினியும்

மலேசியாவின் ஈஜோக் வட்டாரத்தில் மனிதராகப் பிறந்து கம்ப்யூட்டராக வாழ்ந்த ஒரே ஆள் எங்கள் பத்திருபதுதான். எண்பதுகளில் எங்கள் தோட்டத்தில் அவரைத் தவிர யாரும் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அது எப்படிப் பேசும் என்று எல்லாருக்கும் தெரியும். பத்திருபது பேசுவதைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தோமே.

தொழில் ரேடியோ, டிவி ரிப்பேர். யாரோ கழித்துக்கட்டிய ஒரு சின்னக் கம்ப்யூட்டரை எங்கிருந்தோ தூக்கிவந்து உயிர் கொடுத்தார். அன்றிலிருந்து அதன் பாஷை இவரைப் பிடித்துக்கொண்டது. அதில் ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் ஒரு எண் போட வேண்டுமாம். கடையில் உட்கார்ந்தால், "பத்து: டீ போடு. இருபது: சீனியக் கொற. முப்பது: கொண்டா," என்பார்.

"ஏண்ணே, ஒண்ணு ரெண்டுன்னு எண்ண வராதா?" என்று கேட்டேன்.

"மனுசன் எதையாச்சும் மறப்பான் தம்பி. நடுவுல பதினஞ்சு போட்டுச் சொருக எடம் வேணும்லா."

ஒரு கல்யாணத்தில் வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்து, "பத்து: ரெண்டு பேரும் சிரிங்க. இருபது: மறுபடியும் பத்துக்குப் போங்க," என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்.

இது போதாதென்று, தோட்டத்துக்கே புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பினார். "அஞ்சு வயசும் வரலாம், அறுபது வயசும் வரலாம்," என்று தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயம் லயமாகப் போய்க் கூப்பிட்டார். சனிக்கிழமை மத்தியானம் தோட்டத்து மண்டபத்தில் வகுப்பு. அந்தக் கம்ப்யூட்டருக்குத் தனித் திரை கிடையாது. மண்டபத்து டிவியில் சொருகினால்தான் எழுத்து தெரியும். வந்தவர்களில் பாதிப் பேர், சாயங்காலம் அதே டிவியில் ஓடும் வீடியோ படத்துக்கு முன்வரிசை பிடிக்க வந்தவர்கள். மண்டபக் கமிட்டிச் செயலாளர் என்ற முறையில் நானும் இருந்தேன்.

முதல் நாள் டிவியையே போடவில்லை. காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்பதுபோல் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, "பத்து: வாளியில தண்ணி புடிங்க. இருபது: வாசல் தொட்டியில ஊத்துங்க. முப்பது: பத்துக்குப் போங்க," என்றார். பிறகு ஏதோ ஒயர் வாங்கச் சைக்கிளில் போய்விட்டார். திரும்பி வந்தபோது தொட்டி நிரம்பி வழிந்து மண்டபத்துக்குள் தண்ணீர். ஜனங்கள் இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வேலை வாங்குற மண்டோரு நிறுத்துன்னு சொல்லாம எப்படிய்யா நிறுத்துறது?" என்றார் ஒருவர்.

பத்திருபதுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "கம்ப்யூட்டரும் அச்சு அசலா இப்படித்தாங்க தப்புப் பண்ணும்," என்று ஆளாளுக்குக் கைகொடுத்தார்.

கமிட்டித் தலைவர் கைகொடுக்கவில்லை. தண்ணீர் டிவி மேசையின் காலைத் தொட்டிருந்தது. "அடுத்த சனிக்கிழம இந்தப் பொட்டியில உருப்படியா ஏதாச்சும் காட்டு. இல்லன்னா உன் வகுப்பு ஹாபிஸ், அதோட முடிஞ்சுது."

அந்த வாரம் முழுக்கப் பத்திருபது எண் போடாமலே பேசினார். பார்க்கவே பாவமாக இருந்தது.

சனிக்கிழமைக்குத் தயார் செய்யத் தினமும் சாயங்காலம் வகுப்பு வைத்தார். வேலை முடிந்து தவறாமல் வந்தவர் மருதாயி அக்கா ஒருவர்தான். செம்பனைக்கு மருந்தடிப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். பிறந்தது ஆற்றோரம், கம்போங் குவாந்தான் கிராமத்துப் பக்கம்.

"அங்க மரமெல்லாம் மின்மினி தம்பி. ஒண்ணா எரியும், ஒண்ணா அணையும். இதுல வருமா?" என்று பத்திருபதுவிடம் கேட்டார்.

"நீங்க சொன்னா வரும்க்கா," என்றார் அவர்.

அக்காவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. பத்திருபது எழுதிக் காட்டியதைப் பார்த்து, வளைந்தது எங்கே, கோடு போட்டது எங்கே என்று தேடித் தேடித் தட்டினார். ஆனால் முதலில் எரிவதா, காத்திருப்பதா, எவ்வளவு நேரம் இருட்டு என்பதெல்லாம் அக்காவின் முடிவு. பத்திருபது எழுத்தைக் காட்டுவதோடு சரி.

சனிக்கிழமை தலைவர் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். ஜன்னல்களைச் சாத்தினோம். அக்கா ஒரு பொத்தானை அழுத்தினார். கறுப்புத் திரை முழுக்கப் புள்ளிகள் எரிந்தன. அணைந்தன. மறுபடி எரிந்தன. பட்டப்பகலில் அந்த மண்டபம் மெல்ல ஒளிர்வதும் இருள்வதுமாக இருந்தது. எங்கள் முகங்களும் அதோடு சேர்ந்து வந்து வந்து போயின. பிள்ளைகள் தரையில் படுத்துப் பார்த்தார்கள். ஆற்றில் சம்பான் படகில் போவதுபோல் எனக்கு உடம்பு லேசாக ஆடியது. படத்துக்கு நேரமாகியும் யாரும் படம் கேட்கவில்லை.

"யாரு செஞ்சது இது?" என்று தலைவர் மெதுவாகக் கேட்டார்.

"நான்தாங்க," என்றார் மருதாயி அக்கா. "பொறந்ததுலேர்ந்து அடுத்தவங்க சொல்லி நான் செஞ்சேன். இன்னிக்கு நான் சொல்லி ஒண்ணு செய்யுது."

தலைவர் எழுந்து போய் அந்தப் பொத்தான்களை உற்றுப் பார்த்தார். "நானும் வரலாமா வகுப்புக்கு?"

பதில் சொல்ல வேண்டியவரைக் காணோம். ஒயரைச் சரிபார்ப்பதுபோல் டிவிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.