நாற்பத்தொரு லேயர் திரைச்சீலை

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அடுத்து சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் பல்லாயிரம் ஆண்டுகள் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் லேயரைக் கண்டுபிடித்தது. இந்த மூன்றில் எது பெரியது என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். நெருப்பு சுடும். சக்கரம் ஏறினால் கால் போகும். லேயரால் இதுவரை ஒரு மேலதிகாரிக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. திரைச்சீலைத் துணிகளுக்குக் கணினியில் டிசைன் வரையும் ஒரு நிறுவனத்தில், 'அடுக்கு ஒருங்கிணைப்பு மேலாளர்' என்ற உயரிய பொறுப்பில் ஆறு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

லேயர் என்றால் என்னவென்று தெரியாத பாக்கியசாலிகளுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடி மாதிரியான தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் கொடி, அடுத்ததில் இலை, அதற்கும் மேலே பூ. இலையைத் தொடாமலே பூவை நகர்த்தலாம். இப்படி ஒரு சதுரம் தயாரானதும் அதையே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனால் துணி முழுக்க டிசைன் ஓடும். ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும். அதைத் தட்டினால் அந்த லேயர் மறைந்துவிடும். அழியாது, மறையும். இன்னொரு தடவை தட்டினால் திரும்பி வரும். படம் வரைகிறவர்களுக்காகத்தான் இந்த வசதியைச் செய்தார்களாம். இது நிர்வாகத்துக்கு வந்த வரப்பிரசாதம் என்று கண்டுகொண்டவன் அடியேன்.

நான் பொறுப்பேற்ற சமயத்தில் எங்கள் அலுவலகத்தில் கருத்து வேறுபாடு தலைவிரித்து ஆடியது. ஒரு டிசைனில் கிளி போடுவதா வட்டம் போடுவதா என்ற விவகாரத்தில் இரண்டு பேர் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் ஒரு சுற்றறிக்கை விட்டேன். 'இனி இந்நிறுவனத்தில் எவருடைய கருத்தும் அழிக்கப்படமாட்டாது. ஒவ்வொருவரின் கருத்தும் தனி லேயராகப் பேணப்படும். பார்வையிட வருபவரின் லேயர் மட்டும், அவர் பார்வையிடும் நேரத்தில், திரையில் தெரியுமாறு வைக்கப்படும்.' அவ்வளவுதான், சண்டை நின்றது. 'வேண்டாம்' என்ற சொல்லைச் சாப்பாட்டு அறையில், இன்னொரு கரண்டி பரிமாறும்போது மட்டுமே கேட்க முடிந்தது.

இந்தப் பொற்காலத்தில்தான் 'பென்சில்' என்கிற டிசைனர் பெண் ஒரு வேலை செய்தாள். எல்லாமே கணினியில் வரையும் காலத்திலும் கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு வருவாள். அதனால் அந்தப் பெயர். தற்காலிகப் பணியில் இரண்டரை வருடம். அக்கா வீட்டு ஹாலில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, அக்கா புருஷன் எழுந்திருக்கும் முன் பாயைச் சுருட்டிவிட்டு ஓடி வருகிறவள். சொந்த டிசைன் ஒன்று அச்சுக்குப் போனால் வேலை நிரந்தரம் என்பது விதி. நிரந்தரமானால் தனியாக ஒரு ரூம் பார்த்துக்கொள்வதாக அக்காவிடம் சொல்லியிருந்தாள்.

அவளுக்கு வந்த முதல் ஆர்டர் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டு. முப்பத்திரண்டு கட்டில், கட்டிலைச் சுற்றித் திரைச்சீலை. வழக்கமாக நாங்கள் இதற்கெல்லாம் நேரில் போவதில்லை. இவள் போனாள். ஒரு நாள் முழுக்க ஒரு கட்டில் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து வரைந்தாள். வெளிர்பச்சையில் ஒரு கொடி, நிறைய இலை, சதுரத்துக்கு ஒன்றாக இலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும் ஒரு நத்தை. நத்தையின் பாதி ஓடு சதுரத்தின் இந்த ஓரத்தில், மீதி பாதி அந்த ஓரத்தில். சதுரங்கள் சேரும்போது ஒட்டு தெரியாமல் முழு நத்தை வந்துவிடும். மொத்தமே ஆறு லேயர்.

"படுத்துக்கிட்டே தேடும் சார், குழந்தை. ஒரு பத்து நிமிஷம் ஊசி வலி மறந்துடும்" என்றாள்.

நானும் தேடினேன். கிடைத்ததும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. ஆனால் மேலாளரின் சந்தோஷம் ஒப்புதல் ஆகாது. ஒப்புதல் தர ஒன்பது பேர் இருந்தார்கள்.

முதலாளி வந்தார். "குழந்தைங்கன்னு சொல்றீங்க, யானை எங்கய்யா?"

"யானை நடந்தா குழந்தை பயப்படாதா சார்?" என்றாள் பென்சில்.

"சிரிக்கிற யானையா போடு."

யானைக்கு ஒரு லேயர். சிரிப்புக்குத் தனியாக ஒன்று.

அடுத்து முதலாளியின் மச்சான். விற்பனைப் பிரிவு அவர் கையில். அவர் யார் கையிலும் இல்லை. "நத்தையை எதுக்கும்மா தேடணும்? நம்ம கம்பெனி சின்னத்தைத் தேடட்டும். சுத்தி தங்கக் கலர்ல நட்சத்திரம் போட்டா கண்டுபிடிக்க வசதியா இருக்கும்."

தரக்கட்டுப்பாட்டு அதிகாரியை நாங்கள் 'பூதக்கண்ணாடி' என்போம். அவருக்கு அழகில் நம்பிக்கை கிடையாது. "ஆஸ்பத்திரித் துணில கறை படும். கறை கலர்லயே டிசைன் போட்டுட்டா கறை தெரியாது பாருங்க. பழுப்புல கட்டம் போடுங்க. நெருக்கமா."

மற்ற ஆறு பேரும் தங்கள் கடமையில் தவறவில்லை. லேயர் நாற்பத்தொன்றை எட்டியது. முதலாளி பார்க்க வரும்போது யானையைத் திறந்து மற்றதை மறைப்போம். "பிரமாதம்!" என்று கையெழுத்துப் போடுவார். மச்சான் வரும்போது யானை போய் நட்சத்திரம் வரும். "அசத்திட்டீங்க!" பூதக்கண்ணாடி பழுப்புக் கட்டத்தை மட்டும் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாகச் சிரித்தார். ஒன்பது பேரும் ஒரே படிவத்தில், ஒரே மாதிரி மனநிறைவோடு கையெழுத்திட்டார்கள்.

இடையில் ஒரு நாள் பென்சில் மாடிப்படியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "இல்லக்கா, இன்னும் அச்சுக்குப் போகல... இல்ல, நத்தை முடிஞ்சிடுச்சு, யானைதான் பாக்கி... ரூம்காரங்கள இன்னும் ஒரு மாசம் பொறுத்துக்கச் சொல்லுக்கா... மாமா எதாவது சொன்னாரா?"

அன்று மதியம் என் மேசைக்கு வந்தாள். "சார், ஒம்பது பேரும் ஒம்பது வேற வேற டிசைனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"அதுக்குப் பேர்தான்மா ஒருமைப்பாடு."

"அச்சுக்கு எதை அனுப்பறது?"

"அது அச்சுக்குப் போறப்ப பாத்துக்கலாம்."

அச்சுக்குப் போகிற நாளும் வந்தது. அச்சுக்கூட ஃபோர்மன் போன் செய்தார். "சார், ஃபைல் வந்துடுச்சு. இதுல எதைத் திறந்து வைக்கணும், எதை மறைக்கணும்? சொன்னீங்கன்னா ஓட்டிடுவேன். மெஷின் சும்மா நிக்குது."

அவசரக் கூட்டம் கூட்டினேன். ஒன்பது பேரும் ஒரே அறையில் உட்கார்ந்தது அன்றுதான். மூன்று மணி நேரம் விவாதம் மிக நாகரிகமாக நடந்தது. யானையை மறைக்கலாம் என்று முதலாளியின் முகத்துக்கு நேரே யார் சொல்வது? நட்சத்திரத்தை மறைத்தால் மச்சான் வீட்டுக்குப் போய்த் தன் அக்காவிடம் சொல்வார், அக்கா முதலாளியிடம் சொல்வார். பழுப்புக் கட்டத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. எல்லோரும் அடுத்தவரின் லேயரை வாயாரப் புகழ்ந்தார்கள். கடைசியில் நான் எழுந்தேன்.

"ஒப்புதல் பெற்ற அனைத்தும் அச்சாகட்டும். எல்லா லேயரையும் திறந்துவிடுவோம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பென்சில் மட்டும் எழுந்து நின்றாள். "சார், எல்லாத்தையும் திறந்தா எதுவுமே தெரியாது. ஒரு நிமிஷம் இருங்க, ஸ்க்ரீன்ல காட்டறேன்..."

அந்த நேரம் பார்த்துச் சாப்பாடு வந்துவிட்டது. முதலாளி நாற்காலியைத் தள்ளிக்கொண்டே வருத்தத்தோடு சொன்னார்: "சின்ன வயசு. இவ்வளவு அவநம்பிக்கை ஆகாது."

முப்பத்திரண்டு கட்டிலுக்கும் திரைச்சீலை அச்சாகிப் போனது. நாற்பத்தொரு லேயரும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியதில் துணி, மழைநாளில் வாசலில் போட்ட மிதியடியின் நிறத்தில் இருந்தது. உற்றுப் பார்த்தால் அந்தச் சேற்றுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று பல்லைக் காட்டியது. அது முதலாளியின் யானை. நான்காம் நாள் முப்பத்திரண்டும் திரும்பி வந்தன. கூடவே வார்டு தலைமை நர்ஸின் கடிதம்: 'குழந்தைகள் இதைப் பார்த்து அழுகிறார்கள். ஒரு குழந்தை, திரைக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று கட்டிலை விட்டு இறங்கி ஓடிவிட்டது. ஆபரேஷன் தையல் பிரிந்துவிட்டது.'

விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. கமிஷன் என்றால் நான். முதலாளி தெளிவாக உத்தரவிட்டார்: "யார் போட்ட லேயர்னு கண்டுபிடிங்க. எவனா இருந்தாலும் விடக்கூடாது." கண்டுபிடிக்க நேரமே ஆகவில்லை. எந்த லேயரை யாருடைய கணினியில் போட்டார்கள் என்பதை மென்பொருள் அட்சரம் பிசகாமல் குறித்து வைத்திருந்தது. நாற்பத்தொன்றும் ஒரே கணினியில்தான்.

பென்சிலைக் கூப்பிட்டேன். "இந்த நாற்பத்தொண்ணும் யார் போட்டதும்மா?"

"நான்தான் சார். நீங்க எல்லாரும் சொல்லித்தான் போட்டேன்."

"சொன்னது ஃபைல்ல பதிவாகாதும்மா."

அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் அழவில்லை. "ரூமுக்குச் சாமான் கூடக் கொண்டு போய் வெச்சுட்டேன் சார். பரவால்ல, அது என் பாடு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த முதல் ஆறு லேயரை மட்டும் வெச்சு ஒரே ஒரு திரை அடிச்சு அனுப்புங்க. தையல் பிரிஞ்சுதே, அந்தக் குழந்தை கட்டிலுக்கு மட்டும்."

எனக்கும் அனுப்ப ஆசைதான். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது அல்லவா? அது புதிய டிசைனாகவே கருதப்படும், ஒன்பது பேரின் ஒப்புதல் மீண்டும் தேவைப்படும் என்று விளக்கினேன். அவள் கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, என் மேசைமேலிருந்த தாள் ஒன்றில் எதையோ எழுதப் போனாள். பிறகு எழுதாமலே பென்சிலை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

எங்கள் நிர்வாகத்தின் சிறப்பை இங்கே பதிவு செய்யாவிட்டால் நான் நன்றி கெட்டவன். ஒரு நத்தை திரைச்சீலைக்குப் போவதற்கு ஐந்து மாதமும், பதினேழு கூட்டமும், ஒன்பது கையெழுத்தும் வேண்டியிருந்தன. அப்படியும் அது போய்ச் சேரவில்லை. ஒரு பெண்ணை வேலையிலிருந்து அனுப்பும் கடிதத்துக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. யாரும் அதில் யானை போடச் சொல்லவில்லை. ஒரே தாள், ஒரே கையெழுத்து, தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஆறு ஆண்டுகளில் நான் தனியாக, என் பெயரில், எடுத்த ஒரே முடிவு அது.