மேற்பல்லும் கண் நரம்பும்

பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப்பெயர் பிரகலாதனுக்குத் தெரியவில்லை.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நின்றபடி கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். அகல விரித்துப் பார்த்தான். எழுத்தெல்லாம் மழையில் நனைந்த கோலம்போலக் கலைந்து கிடந்தது. காலையில் நீர்வேலியில் பஸ் ஏறும்போது இதே கண்தான் தூரத்திலேயே பலகையை வாசித்தது. அதற்கும் இதற்கும் இடையில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். அவனுடைய மேல்வாயில் இரண்டு பற்களைப் பிடுங்கியிருந்தார்கள்.

அப்படியென்றால் குணலட்சுமி சொன்னது உண்மைதானா?

குணலட்சுமி அவனுடைய மனைவி. மேற்பல்லுக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்பு, மேற்பல்லைப் பிடுங்கினால் பார்வை போய்விடும் என்பது அவளுடைய அசைக்கமுடியாத கொள்கை. அவளுடைய பெரியப்பா ஒருவர் பல்லுப் பிடுங்கிய மூன்றாம் மாதமே கண் தெரியாமல் கிணற்றுக்கட்டில் மோதி விழுந்தவராம். அவருக்கு அப்போது எண்பத்தெட்டு வயது என்று பிரகலாதன் சொன்னால் வீட்டில் யாரும் காதில் வாங்குவதில்லை.

வினை மகள் சாருஜாவின் பல்லில் தொடங்கியது. பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. மேலே இரண்டைப் பிடுங்கி இடமெடுத்து, பிறகு கம்பி போடவேண்டும் என்று பல் டொக்டர் தக்சாயினி சொன்னார். தாயின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, அன்று முழுக்கக் கட்டிலுக்குக் கீழே இருந்து வெளியே வரவில்லை. சிரிக்கும்போது வாயைக் கையால் பொத்துகிற பிள்ளை அவள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பிரகலாதனுக்கு நெஞ்சு வலிக்கும். அந்த வலியில்தான் வாய் தவறியது.

"எனக்கும் உன்னை மாதிரித்தானே பல்லு. முதல் அப்பா போடுறன். என்ரை கண் போகுதோ எண்டு பாத்திட்டு நீ போடு."

நாற்பத்துமூன்று வயது வாழைத்தோட்டக்காரன் பல்லுக்குக் கம்பி போடப்போகிறான் என்று ஊர் சிரித்தது. டொக்டர் சிரிக்கவில்லை. பல்லைத் தாங்கும் முரசு நன்றாக இருந்தால் வயது ஒரு தடையில்லை என்றார். கம்பி போட்ட முதல் சில நாட்கள் நோகும், கஞ்சி, பிட்டு, வாழைப்பழம் என்று மெதுவானதாகச் சாப்பிடவேண்டும், முறுக்கும் கச்சான்கடலையும் பனங்கிழங்கும் கடிக்கக்கூடாது, சாப்பிட்டவுடன் பல்லுத் தீட்டவேண்டும், மாதாமாதம் வரவேண்டும், இரண்டு வருடமாவது செல்லும் என்று ஆறுதலாக விளக்கினார். கடைசியில், கேட்க ஏதும் இருக்கிறதா என்றார். நரம்பைப் பற்றிக் கேட்க வாய் துடித்தது. ஆனால் மானம் விடவில்லை. இல்லை என்று தலையாட்டிவிட்டான்.

உதவிக்கு நின்ற பெண், காதோரத்தில் பச்சைப் பெயின்ற் துளி ஒட்டியிருந்த அவனுடைய கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கி மேசையில் வைத்தாள். வீட்டு வாசல் படலைக்குப் பெயின்ற் அடித்தபோது தெறித்தது. பக்கத்துக் கதிரையில் கொடிகாமத்து முருகேசு என்ற முதியவர், ஆட்டங்கண்ட இரண்டு பற்களைப் பிடுங்க வந்து "முருகா, முருகா" என்று நடுங்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததில் பிரகலாதனுக்கு இருந்த கொஞ்சத் தைரியமும் போய்விட்டது. பிடுங்கி முடிந்து, தட்டிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டி வெளியே வரும்வரை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தவன் அவன்.

இப்போது பஸ் நிலையத்தில் யாரையாவது கேட்கலாம் என்றால் வாயில் பஞ்சு. ஒரு மணி நேரம் கடித்துக்கொண்டிருக்கவேண்டும், கதைக்கக்கூடாது என்பது கட்டளை. குத்துமதிப்பாக ஒரு பஸ்ஸில் ஏறினான். அது நீர்வேலிக்குப் பதிலாகச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோய் விட்டது.

பொழுதுபட வீடு வந்தபோது சாருஜா படலையடியில் காத்திருந்தாள்.

"அப்பா, கண் தெரியுதோ?"

"பளிச்செண்டு தெரியுது, குஞ்சு."

அதைச் சொல்லும்போது அவன் அன்போடு பார்த்துக்கொண்டிருந்தது, கொடியில் காய்ந்த குணலட்சுமியின் சோட்டிச் சட்டையை.

அன்றிலிருந்து பயம் அவனோடு ஒரே பாயில் படுத்தது. கண்ணாடி காதுக்குப் பின்னால் இறுக்கியது. முகம் வீங்குகிறது, நரம்பு சுருங்குகிறது என்று நினைத்தான். கழற்றினால் உலகமே இல்லை. போட்டால் அரைகுறை உலகம், கூடவே தலையிடி. கண்ணுக்கு நல்லதென்று மூன்று வேளையும் பொன்னாங்காணி கேட்டான். புல்லும் பூண்டும் கலந்து அவனே பிடுங்கி வந்ததில் வயிறு கழன்றது. வெளிச்சம் போதவில்லையோ என்று வீட்டு பல்ப் எல்லாவற்றையும் பெரிதாக மாற்றினான். அதில் பூச்சி மொய்த்து, குணலட்சுமி வாசலில் இருந்து சோறு தின்னவேண்டி வந்தது. ஐந்தாம் நாள் தோட்டத்தில் முற்றிய குலை என்று நினைத்து மூன்று பிஞ்சுக் குலைகளை வெட்டிச் சாய்த்தான். காற்று விழுத்திவிட்டது என்று மனைவிக்குச் சொன்னான். அன்று வாழை இலைகூட ஆடவில்லை.

சாருஜா சும்மா இருக்கவில்லை. கொப்பித் தாளில் பெரிதும் சிறிதுமாக எழுத்துகள் எழுதிச் சுவரில் கொழுவி, பின்னேரங்களில் தகப்பனை எதிர்ச்சுவரோடு நிறுத்தி வாசிக்கச் சொன்னாள். அவள் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து, தாளோடு மூக்கை முட்டி அவன் பாடமாக்கிவைத்தான். மூன்று நாள் தப்பினான். நாலாம் நாளும் மளமளவென்று ஒப்புவித்து, எப்படி என்பதுபோல நிமிர்ந்து நின்றான்.

சாருஜா தாளைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, இண்டைக்கு நான் வெறும் தாளைத்தான் கொழுவினனான்."

அவள் அழத் தொடங்கினாள். தன் பல்லை நினைத்து அல்ல.

"எனக்காகத்தானே பிடுங்கினனீங்கள்" என்றாள்.

பிரகலாதன் அவளை இழுத்து அணைத்துக்கொண்டான். தன் கண் போனால் போகட்டும், தோட்டத்தைத் தடவியாவது செய்துகொள்ளலாம். ஆனால் வருகிற புதன்கிழமை இந்தப் பிள்ளைக்குப் பல்லுப் பிடுங்க நாள் குறித்திருந்தது. தான் பொய் சொன்ன ஒவ்வொரு நாளும் அவளை அந்தக் கதிரையை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

புதன்கிழமை மகள்தான் பலகையை வாசித்து, தகப்பனைக் கையில் பிடித்து பஸ் ஏற்றிக் கூட்டிவந்தாள். டொக்டரின் அறைக்குள் போனதும் பிரகலாதன் மானத்தை எல்லாம் வாசலில் விட்டுவிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

"என்ரை கண் போட்டுது, டொக்டர். பிள்ளையின்ரை பல்லிலை கை வையாதேங்கோ."

தக்சாயினி சுவரிலிருந்த கலண்டரைக் காட்டி வாசிக்கச் சொன்னார். கலண்டர் எங்கே என்று அவன் கேட்டான். டொக்டரின் முகம் மாறியது.

"பல்லின்ரை நரம்பு வேறை, கண்ணின்ரை நரம்பு வேறை, அண்ணை. பல்லுப் பிடுங்கிக் கண் போகாது. ஆனா இவ்வளவுக்குத் தெரியேல்லை எண்டால் உடனை கண் டொக்டரிட்டைப் போகவேணும்."

அவன் காதில் விழுந்தது 'உடனை' என்பது மட்டும்தான். அப்படியே கதிரையில் இருந்துவிட்டான். சாருஜா அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் கதவு திறந்தது. வெளியே உதவிப் பெண் தடுக்கத் தடுக்க, கொடிகாமத்து முருகேசு உள்ளே வந்தார். ஆள் பத்து வயது குறைந்தவர்போல இருந்தார். இன்றைக்கு பஸ் பலகையைத் தானே வாசித்து ஏறி வந்ததாகச் சொன்னார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகாம். எதிரே இருந்த கலண்டரில் தேதி, நாள், ராகுகாலம் எல்லாவற்றையும் நின்ற நிலையிலேயே படித்துக் காட்டினார். பிறகு, காதோரத்தில் பச்சைப் பெயின்ற் துளி ஒட்டியிருந்த கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, கதிரையில் சாய்ந்து வாயை ஆவென்று திறந்தார்.

"பிள்ளை, அண்டைக்கு நீங்கள் ரெண்டு பல்லுப் பிடுங்கின நேரந்தொட்டு எனக்குக் கண் பளிச்செண்டு தெரியுது. மிச்சப் பல்லையும் பிடுங்கிவிடுங்கோ."